உட்கார ஓர் இடம்

சென்ற திங்கள் நம் சங்கத்து நூலகத்தில் அன்பர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் ஜெர்மனியில் பணியாற்றுகிறாள். அவளைக் காணச் செல்லும் அவரும் அவர் மனைவியாரும், போன கையோடு ஐரோப்பாவின் புகழ்பெற்ற சதுக்கங்களையெல்லாம் பன்னிரண்டு நாளில் பார்த்துவிடத் திட்டமிட்டிருந்தனர். கையில் ஒரு தாள். அதில் ஒன்பது ஊர்கள். வெனிஸ், பிரஸ்ஸல்ஸ், பிராகு, மாட்ரிட், கிராக்கோ என்று அழகிய எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். "இவற்றுள் எதை விட்டுவிடலாம்?" என்று கேட்டார். "எட்டை விடலாம்" என்று சொல்லிவிட்டோம். அவர் முகம் வாடிற்று. காரணம் கூறுவதற்குள் நூலகத்தை அடைக்கும் நேரம் வந்துவிட்டமையால், அன்று சொல்ல இயலாமற் போனதை இப்பக்கத்தில் எழுதுகிறோம். இத்தகைய தாள் ஒன்று நம் வாசகர் பலர் வீட்டிலும் இருக்கும் என்று நம்புகிறோம். பிள்ளைகள் கடல் கடந்து வேலைக்குப் போன பிறகு, முதுமையில் ஐரோப்பாவைக் காணும் பேறு நம்மவர்க்கு வாய்த்திருக்கிறது அன்றோ!

சதுக்கம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் பூதம் காவல் செய்த சதுக்கம் ஒன்று உண்டு. ஆனால் அது நாற்சந்தி. ஐரோப்பியர் சதுக்கம் என்பது நடந்து கடந்து போகும் சந்தி மட்டும் அன்று. ஊரார் கூடி நிற்கவும், பொருள் விற்கவும், அரசன் ஆணையைக் கேட்கவும், சில காலங்களில் மனிதர் தலை துண்டிக்கப்படுவதைப் பார்க்கவும் ஒதுக்கப்பட்ட வெளி. அவற்றுட் பல சதுரமாகவும் இரா.

2016-ஆம் ஆண்டு நாமும், மனைவியும், மகளும் ஒரு குழுவோடு முதல் முறை ஐரோப்பா சென்றோம். பதினொரு நாளில் ஏழு நாடுகள். அழைத்துச் சென்ற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா. அவர்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் காட்டினார்கள், குறை எம்முடையதே. பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கிரான் பிளாஸ் என்னும் சதுக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம் கழிவறையைத் தேடியதிலும், ஐந்து நிமிடம் அதற்குரிய சில்லறையைத் தேடியதிலும் சென்றன. எஞ்சியதில் ஒரு படம் பிடித்துக்கொண்டோம். எங்கள் மூவர் தலைக்கு மேல் ஒரு கோபுரத்தின் பாதி தெரிகிறது. அது என்ன கோபுரம் என்று ஊர் திரும்பிய பின் மகள் கேட்டாள். நமக்குத் தெரியவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அது நகர மன்றத்தின் கோபுரம். 96 மீட்டர் உயரம். 1695-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படை, வில்ரோவா என்னும் தளபதியின் தலைமையில், நகரத்தின்மீது குண்டுமாரி பொழிந்தது. ஏறத்தாழ 4000 வீடுகள் அழிந்தன. சதுக்கத்தைச் சுற்றியிருந்த கட்டடங்கள் எரிந்து வீழ்ந்தன. பீரங்கிகளுக்கு நல்ல குறியாக நின்ற இந்தக் கோபுரமோ விழவில்லை. ரொட்டி சுடுவோர், மது வடிப்போர், படகோட்டிகள் முதலிய தொழிற்குழுவினர் சில ஆண்டுகளுக்குள் தம் தம் வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டனர். படகோட்டிகளின் வீட்டு முகடு ஒரு கப்பலின் பின்புறம் போலவே இருக்கிறதாம். நாம் அதற்கு நேர் எதிரே நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தோம்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நடப்போர்க்கே உரியதாக விளங்கும் அந்த அழகிய தளம், 1960-களில் கார்கள் நிறுத்தும் இடமாக இருந்தது. பழைய படங்களைப் பார்த்தால் நம் ஊர்ச் சந்தைத்திடல்கள் மீதும் நமக்கு நம்பிக்கை பிறக்கும்.

இரண்டாம் பயணம் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம். இம்முறை எம் அன்னையாரும் உடன் வந்தார், அகவை எழுபத்தாறு. தந்தையார் மறைந்தபின் 2022-இல் அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மும்பையில் எங்களோடு இருக்க வந்தவர். ஐம்பத்தைந்து ஆண்டு திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்தவரைப் பதினான்காம் மாடியில் கொண்டுவந்து வைத்தோம். நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழே ஒரு சிறு தோட்டமும் இரண்டு கல் இருக்கைகளும் இருந்தன. மாலையில் அவர் இறங்கிச் சென்று அங்கே அமர்வார். வேலைக்கு வரும் பெண்களும், கார் ஓட்டுநர்களும், தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவரும் அவருக்குத் தோழமை. அவர்களோடு எந்த மொழியில் பேசினார் என்பது இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. 2023-ஆம் ஆண்டு இறுதியில், கண்டவர்களும் வந்து உட்கார்கிறார்கள் என்று சொல்லி அடுக்ககக் குழுவினர் அவ்விருக்கைகளை எடுத்துவிட்டனர். அந்த இடத்தில் இப்போது பூந்தொட்டிகள் இருக்கின்றன. அன்னையார் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அவருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான் அழைத்துச் சென்றோம். முதலில் வெனிஸ். நீரின்மேல் நிற்கும் அந்நகரைப்பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் நாம் சுருக்குகிறோம். சான் மார்க்கோ சதுக்கத்தில் புறா அதிகம், மனிதர் அதைவிட அதிகம். அங்குள்ள மணிக்கோபுரம் 1902-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் அப்படியே சரிந்து மண்மேடாயிற்று. மாண்டது காவலரின் பூனை ஒன்றே என்பர். நின்ற இடத்திலேயே, இருந்த வடிவிலேயே எழுப்புவோம் என்று உறுதி பூண்டு 1912-இல் திரும்பக் கட்டி முடித்தனர். ஆலய முகப்பில் நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகளின் கதை இன்னும் சுவையானது. 1204-இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிக் கொண்டுவந்தவை அவை. 1797-இல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனான். 1815-இல் திரும்பி வந்தன. உண்மைக் குதிரைகள் இன்று ஆலயத்தின் உள்ளே இருக்கின்றன. வெளியே நிற்பவை படிகள்தாம்.

இவற்றையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், நண்பகல் ஆகிவிட்டதே என்று அன்னையார் தூண்வரிசையின் படியில் அமர்ந்து, மடியிலிருந்த எவர்சில்வர் தூக்கைத் திறந்தார். காலையில் விடுதி அறையிலேயே கிளறிய புளியோதரை. மணம் எழுந்ததுதான் தாமதம், சீருடை அணிந்த இளம்பெண் ஒருத்தி வந்து நின்றாள். இச்சதுக்கத்தில் தரையிலோ படியிலோ அமர்ந்து உண்ணலாகாது, மீறினால் தண்டம் உண்டு என்று மெல்லிய குரலில் சொன்னாள். தண்டம் விதிக்கவில்லை, அன்னையாரின் கையைப் பற்றித் தூக்கியும் விட்டாள். விதியை முன்கூட்டிப் படித்துவராதது எங்கள் பிழை. எனினும் எழுந்து நின்ற அன்னையாரின் முகத்தை நாம் பார்க்க நேர்ந்தது. பூந்தொட்டிகள் வைத்த அன்று மாடியிலிருந்து கீழே பார்த்தபோது அவர் முகம் அப்படித்தான் இருந்தது. அமர வேண்டுமானால் காப்பிக்கடை நாற்காலிகள் இருந்தன. இசைக்குழு வாசிக்கும் வேளையில் காப்பியின் விலையோடு இசைக்கும் தனிக் கட்டணம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தோம்.

வெனிஸ் மக்களை நாம் குறை கூறவில்லை. பழைய நகரத்தில் 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் விடுதிகளாயின, மளிகைக்கடைகள் முகமூடி விற்கும் கடைகளாயின. 2024 ஏப்ரல் 25 முதல், சில குறிப்பிட்ட நாள்களில், பகலில் வந்து போவோரிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினர். 2025-இல் கடைசி நேரத்தில் பதிவு செய்வோர்க்கு அது 10 யூரோவாயிற்று. அவர்களுடைய கூடத்தில் வந்து கூட்டமாக உட்காருபவர்கள் நாம்தானே!

அதன்பின் சியேனா. பிளாரன்ஸ் நகரிலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். இரயிலில் செல்வோர்க்கு நிலையம் பள்ளத்தில் இருக்கும்; ஆயினும் மேலே நகர வாயில்வரை ஏறிச்செல்ல நகரும் படிகள் அமைத்திருக்கிறார்கள், ஆகையால் முழங்கால் வலி உள்ளவர்கள் அஞ்ச வேண்டா. பழைய நகரத்தினுள் கார்களைத் தடுப்பதில் இத்தாலியிலேயே முன்னோடி இவ்வூர், 1960-களிலேயே செய்துவிட்டார்கள். குறுகிய, இருண்ட, சரிவான தெருக்களின் வழியே நடந்துகொண்டே இருக்கிறோம். இரு பக்கமும் உயர்ந்த செங்கற் சுவர்கள். திடீரென்று ஒரு சந்தின் முடிவில் வெளிச்சம். அங்கே கீழ்நோக்கிச் சரிந்து விரிகிறது காம்போ.

அதன் வடிவை எப்படிச் சொல்வது? ஒரு பெரிய சிப்பி. அல்லது அகல விரித்த விசிறி. செங்கற்களை மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்து, இடையிடையே வெண்கற் கோடுகள் இழுத்து, ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கோடுகளெல்லாம் தாழ்ந்த முனையில், நகர மன்றத்துக்கு முன்னால், ஒரு வடிகாலிடத்தில் சென்று சேர்கின்றன. மழைநீர் முழுதும் அவ்வழியே வடிந்துவிடும். மூன்று குன்றுகள் கூடும் பள்ளம் இது. எந்தக் குன்றினர்க்கும் சொந்தமல்லாத இடம் என்பதாலேயே எல்லார்க்கும் பொதுவாயிற்று.

ஒன்பது என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. 1287 முதல் 1355 வரை இந்நகரை ஆண்டது ஒன்பதின்மர் குழு. பெருங்குடிப் பிறந்தோர் அதில் இடம்பெற முடியாது. பெரும்பாலும் வணிகரே ஆண்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஆட்சிக்காலம் இரண்டே மாதம்! அந்த இரண்டு மாதமும் மன்றக் கட்டடத்திலேயே தங்க வேண்டும்; நினைத்தபோது வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுச் சாப்பாடு இல்லாத பதவிக்கு நம் நாட்டில் எத்தனை பேர் போட்டியிடுவார்கள் என்று மகள் கேட்டாள். சதுக்கத்தை நோக்கிய வீடுகளின் சாளரங்கள் மன்றத்தின் சாளரங்களைப்போலச் சிறு தூண்கள் உடையனவாக இருத்தல் வேண்டும் என்று 1297-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். ஒருவர் தம் வீட்டுக்கு எப்படிச் சாளரம் வைக்கிறார் என்பதுகூட ஊராரின் கண்ணுக்கு உரியது என்பது அவர்கள் எண்ணம். சட்டம் சற்றுக் கடுமையாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் எழுநூறு ஆண்டுக்குப் பின்னும் அச்சுவர்கள் ஒன்றோடொன்று உறவாடி நிற்கும் அழகைப் பார்க்கையில் வாதாட மனம் வரவில்லை.

மேற்புறத்தில் ஃபொந்தே காயா என்னும் ஊற்று. களிப்பூற்று என்று சொல்லலாம். குன்றின்மேல் அமைந்த இவ்வூருக்கு ஆறு இல்லை. நிலத்தின் அடியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1340-களின் தொடக்கத்தில் அந்நீர் சதுக்கத்தை எட்டியபோது மக்கள் அடைந்த களிப்பே பெயராயிற்று என்பர். பின்னர் ஜாக்கப்போ தெல்லா குவெர்ச்சா என்னும் சிற்பி 1419-இல் அதற்குச் சலவைக்கற் சிற்பங்கள் செய்து முடித்தார். இப்போது அங்கே இருப்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படிகள். தேய்ந்துபோன மூலச் சிற்பங்களைப் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் காக்கிறார்கள். தண்ணீர் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அன்னையார் சந்தின் முனையில் நின்றுவிட்டார். சதுக்கமெங்கும் மக்கள் தரையில் அமர்ந்திருந்தனர். மாணவர்கள் புத்தகத்தோடு சாய்ந்திருந்தனர். ஒரு தாய் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்கினார். "ஏம்பா, இங்கே உட்காரலாமா?" என்று அன்னையார் கேட்டார். வெனிஸில் பட்டதால் நாம் அருகிலிருந்த கடைக்காரரிடம் சைகையால் வினவினோம். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டுத் தரையைக் காட்டினார்.

முற்பகலில் மன்றக் கோபுரத்தின் நிழல் சதுக்கத்தின்மேல் நீண்டு விழுகிறது. மாஞ்சா என்பது அக்கோபுரத்தின் பெயர். முதன்முதல் மணியடிக்க அமர்த்தப்பட்டவன் தன் ஊதியத்தையெல்லாம் தின்றே தீர்த்தானாம்; 'தின்னி' என்று ஊரார் வைத்த பட்டப்பெயர் கோபுரத்துக்கே நிலைத்துவிட்டது. வேறு நிழல் அச்சதுக்கத்தில் இல்லை. ஆகவே கோபுர நிழல் நகர நகர, அதில் அமர்ந்தவர்களும் சற்றுச் சற்று நகர்ந்துகொள்கிறார்கள். ஒரு பெரிய கடிகார முள்ளோடு ஊரே நகர்வதுபோல் இருந்தது. அன்னையாரும் நகர்ந்தார். மணி பத்தரைக்கு அமர்ந்தவர் ஒன்றரைக்குத்தான் எழுந்தார்.

இடையில் நாங்கள் மூவரும் மன்றத்தினுள் சென்று வந்தோம். "நீங்க போய்ட்டு வாங்க, நான் எங்கே போகப்போறேன்" என்று அவர் சொன்னது இப்பயணத்திலேயே நாம் கேட்ட இனிய சொல். உள்ளே ஒன்பதின்மர் கூடிய அறையில் அம்புரோஜோ லொரென்ஸெத்தி என்னும் ஓவியர் 1338, 1339-ஆம் ஆண்டுகளில் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. ஒரு சுவரில் நல்லாட்சியின் நகரம்: செருப்புத் தைப்பவர், பாடம் சொல்லும் ஆசிரியர், கூரைமேல் கட்டட வேலை செய்வோர், தெருவில் கைகோத்து ஆடுவோர், வாயில் வழியே விளைபொருளோடு வரும் உழவர். மற்றொரு சுவரில் தீய ஆட்சி: கொம்பு முளைத்த கொடுங்கோலன், அவன் காலடியில் கட்டுண்டு கிடக்கும் நீதி, இடிந்த வீடுகள். அந்நகரில் தொழில் செய்பவன் ஒருவனே, போர்க்கருவி செய்யும் கொல்லன். ஆள்வோர் அமர்ந்து பேசும் அறைக்குள்ளேயே இவ்விரண்டையும் எழுதிவைத்தார்களே, அதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. தீய ஆட்சியின் சுவர் காலத்தால் பெரிதும் சிதைந்திருக்கிறது.

ஓவியம் முடிந்து பத்தாண்டு நிறையவில்லை. 1348-இல் கொள்ளைநோய் வந்தது. நகர மக்களில் பெரும்பகுதியினர் மாண்டனர். லொரென்ஸெத்தியும் அந்நோயில்தான் இறந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. பெரிதாக விரிக்கத் தொடங்கிய தலைமைத் தேவாலயத்தின் வேலை நின்றது. கூரையற்ற சுவர்களாக இன்றும் நிற்கிறது. சதுக்கத்தின் செங்கல் தளமோ 1349-இல் நிறைவுற்றது என்று எழுதியிருக்கிறார்கள். பிணம் சுமந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மீன்முள் வரிசையில் செங்கல் பதித்துக்கொண்டிருந்தவர்கள் யாராயிருக்கும் என்று வெளியே வந்து தரையைப் பார்க்கையில் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பாலியோ என்னும் குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய இரு நாள்களில் இதே சதுக்கத்தைச் சுற்றி நடைபெறுகிறது. நகரத்தின் பதினேழு பேட்டைகளில் பத்துப் பேட்டைக் குதிரைகள், சேணம் இல்லாமல், மூன்று சுற்று. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறியவன் கீழே விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றியே. குதிரைகள் காயமுறுவதுபற்றி நெடுநாளாக எதிர்ப்பும் உண்டு. நாங்கள் சென்றது அதற்கு முன். அந்நாள்களில் நடுவெளியில் மணிக்கணக்காக வெயிலில் நிற்க வேண்டும், ஆகையால் முதியோரை அழைத்துச் செல்வது தகாது.

உணவுபற்றி அன்பர்கள் கேட்பார்கள். பீச்சி என்பது கையால் உருட்டிய தடித்த மாவு நூல். பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்போடு கேட்டு வாங்கலாம். 'சென்ஸா கார்னே' என்றால் இறைச்சி வேண்டா என்று பொருள். அவ்வட்டாரத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை. எங்களுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அன்னையாரோ நார்த்தங்காய் ஊறுகாயை நடுவில் வைத்து இரண்டு துண்டு தின்றுவிட்டு, இதற்குத்தான் உப்பில்லாமல் செய்திருக்கிறான் என்றார்.

மறுநாள் பிளாரன்ஸ் செல்வதாக இருந்தது. அன்னையார் வரவில்லை என்றார். ஆகவே ஒருவரும் செல்லவில்லை. அன்று மாலை அவ்வூர் மூதாட்டி ஒருவர் ஒரு பையோடு வந்து அவர் அருகில் அமர்ந்தார். தம் முழங்காலைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அன்னையாரும் தம் முழங்காலைத் தட்டிக் காட்டித் தமிழில் பதில் சொன்னார். இருவரும் பேசத் தொடங்கினர். முக்கால் மணி நேரம் ஆயிற்று. விளக்குகள் ஏற்றிய பின்னர்தான் இருவரும் ஒருவரையொருவர் கைப்பிடித்து எழுந்தனர்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே அன்னையார் பேத்தியை அழைத்துத் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். அடுக்ககக் குழுவுக்கு ஒரு கடிதம். அவர் தமிழில் சொல்ல மகள் மராத்தியில் எழுதினாள். இருக்கைகளைத் திரும்பப் போட வேண்டும், பூந்தொட்டிக்குத் தாமே தினமும் தண்ணீர் ஊற்றுவதாகவும் ஒப்புக்கொள்கிறேன் என்பதே சாரம். எங்களிடம் கலந்துகொள்ளவில்லை. தெலுங்கு மூதாட்டியின் கையொப்பமும், எங்களுக்குத் தெரியாத பதினொரு பேரின் கையொப்பமும் அதில் இருந்தன. குழுவினர் ஓராண்டுக்குப் பின் ஓர் இருக்கையைத் திருப்பினர். மற்றொன்று பரிசீலனையில் இருக்கிறதாம்.

நூலகத்தில் கண்ட அன்பர் போன ஞாயிறு மறுபடி வந்தார். தாளில் இப்போது மூன்று ஊர்கள் இருந்தன. மூன்றும் மிகை என்று நாம் சொல்லவில்லை. அன்னையாரிடம் இதைக் கூறியபோது, அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்றார்: மடித்த துண்டு ஒன்றை மறவாமல் எடுத்துப் போகவும், நிழல் நகர்ந்தபின் அந்தச் செங்கல் சுடும்.